மாவு வைக்காத கால்

முயல் வளர்ப்பது சுலபம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள் மேடம். நான் வளர்த்துப் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடும், ஒன்றின் காதை இன்னொன்று கடிக்கும், வெயில் கொஞ்சம் ஏறினால் வாயைத் திறந்துகொண்டு படுத்துவிடும். திண்டிவனத்து வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, ஈரச் சாக்கு தொங்கவிட்டு, காலையும் மாலையும் நானே போய்ப் பார்த்துக்கொண்டேன். ஆராய்ச்சிக்காக வாங்கியவை. காலெலும்பில் சின்னத் துளை போட்டு, நான் செய்த பொருளை வைத்து, சில வாரம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்துப் பார்ப்பதென்றால் முயலைக் கொல்ல வேண்டும். அந்த நாள் வந்தபோது என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் பக்கத்துத் தெரு சகாயராஜிடம் கொடுத்துவிட்டேன். அவர் வளர்க்கவில்லை, குழம்பு வைத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அதைக் கேட்ட பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், விழுப்புரத்துக்கு ஜீப்பில் அழைத்து வந்ததிலிருந்து நீங்கள் என்னை ஏதோ கசாப்புக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறீர்கள். போலீஸ்காரர்கள் அப்படித்தான் பார்க்க வேண்டும், அது உங்கள் வேலை. உங்கள் கேள்வியும் எனக்குப் புரிகிறது. என் நோயாளி வேணுவின் இடது காலில் என்ன செய்தேன், உள்ளே என்ன இருக்கிறது. அவர் இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். காய்ச்சல் இறங்கவில்லை, சீழ் நிற்கவில்லை, இரண்டு முறை திறந்து கழுவியும் பயனில்லை. இன்று மூன்றாம் முறை மேசையில் ஏற்றியிருக்கிறார்கள். சீழ் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் விஷம் உடம்பில் ஏறுவதற்குள் முழங்காலுக்கு மேலே எடுத்துவிடுவார்கள். அங்கே உள்ள டாக்டர் உங்களைக் கூப்பிட்டு, அந்த ஆளிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றிருக்கிறார்.

சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். கடைசியைப் பிய்த்துச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்று எழுதிவிடுவீர்கள்.

நான் எலும்பு டாக்டர். டாக்டர் இளவழகன் என்றால் திண்டிவனத்தில் ஆட்டோக்காரர் யாரும் வழி கேட்க மாட்டார். எனக்குச் சோறு போட்டது நெடுஞ்சாலைதான். அந்த ரோட்டில் அடிபட்டு வருகிறவர்களில் சிலருக்குக் காலெலும்பு உடைந்திருப்பதோடு போகாது, ஒரு துண்டு ரோட்டிலேயே விழுந்து தொலைந்திருக்கும். அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது? இடுப்பெலும்பிலிருந்து சுரண்டி எடுத்து வைப்பது வழக்கம். கால் ஆறிவிடும், இடுப்பு ஆறாது. "காலு சரியாப்பூடுச்சு டாக்டர், இடுப்புதான் உக்கார வுடமாட்டேங்குது" என்று வந்து நிற்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு மனசு விட்டுப்போயிற்று. செயற்கை எலும்பு வெளியிலிருந்து வருகிறது, நம் ஊர் ஜனங்களுக்குக் கட்டுப்படியாகாது. நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. இதுவரைக்கும் தப்பு ஒன்றுமில்லை, நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பச்சைமுத்து என்ற மீனவர் கணவாய் மீன் ஓடுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். கிளிக்கூண்டில் மாட்டிவைப்பார்களே, அதேதான். "இன்னா டாக்டரு, எத்தினி கிளி வளக்கிறீங்க" என்று கேட்டுச் சிரிப்பார். அந்த ஓட்டுக்குள்ளே அடுக்கடுக்காகச் சின்ன அறைகள் உண்டு. அதைக் கழுவி, பாஸ்பேட் உப்புக் கரைசலில் போட்டு, மூடிய எஃகுக் கலத்தில் நாள் கணக்கில் சூடாக்கினால், அறைகள் அப்படியே இருக்கும், பொருள் மட்டும் எலும்பில் இருக்கிற பொருளாக மாறிவிடும். பிறகு இடித்துச் சலித்துக் கிருமி நீக்கி வைத்துக்கொள்வேன். பார்க்க வெள்ளைக் குருணை மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில் அதற்கு 'மாவு' என்று பெயர் வைத்தேன். நோயாளி காதில் விழுந்தால் பயப்படாத பெயராக இருக்க வேண்டும் அல்லவா.

மாடியில் ஓர் அறையைச் செல் வளர்ப்பதற்கென்று ஒதுக்கினேன். இடுப்பு மூட்டு மாற்றும்போது கழித்துப் போடுகிற எலும்புச் சில்லுகளைத் தட்டில் போட்டு, சத்துநீர் ஊற்றிச் சூடு மாறாமல் வைத்தால், சில்லிலிருந்து செல்கள் ஊர்ந்து வெளியே வரும். எலும்பு கட்டுகிற செல்கள். அவற்றை மாவின் மேல் விட்டுப் பார்த்தேன். நீங்கள் ஒருமுறையாவது அதை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். முதலில் உருண்டையாக மிதந்துகொண்டிருக்கும். அப்புறம் ஒன்று கீழே இறங்கும். தொட்டுப் பார்க்கும். இடம் பிடித்துப்போனால் கால் நீட்டி உட்கார்ந்துகொள்ளும். உடம்பைத் தட்டையாக்கிப் பரவும், பக்கத்தில் இருப்பதைத் தொட்டுக்கொள்ளும், கொஞ்ச நாளில் சுண்ணாம்பு கட்டத் தொடங்கிவிடும். இடம் பிடிக்காவிட்டால் மறுபடி உருண்டுகொண்டு செத்து மிதக்கும். கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் அதற்குப் பிடிக்காது, கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். துளை ரொம்பச் சின்னதாக இருந்தால் உள்ளே போகாது, வாசலிலேயே கட்டிவிட்டு நின்றுவிடும்.

என்னிடம் வருகிறவர்கள் நான் எதைச் சொன்னாலும் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டுவார்கள். புரிந்ததா என்று கேட்டால் அதற்கும் தலையாட்டுவார்கள். செல் அப்படி மரியாதைக்குத் தலையாட்டாது. பிடித்தால் உட்காரும், பிடிக்காவிட்டால் சாகும். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் என் மனைவியோடு பேசியதைவிட அதிக நேரம் அந்த அறையில்தான் இருந்திருக்கிறேன். கரண்ட் போனால் ஜெனரேட்டர் முதலில் அந்த அறைக்குத்தான் ஓடும், ஆபரேஷன் தியேட்டருக்கு அடுத்தபடிதான். தியேட்டரில் டார்ச் இருக்கிறது, சமாளிக்கலாம்.

ஆனால் தட்டில் ரத்தம் ஓடாது. அதுதான் சங்கடம். எலும்பில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. கட்டுகிறவை, தின்கிறவை. தின்கிறவை ரத்தத்தில் வந்து சேரும். மாவை அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று இடம் விட்டால்தான் கட்டுகிறவை அங்கே சொந்த எலும்பைக் கட்டும். அவசரமாகத் தின்றுவிட்டால் ஓட்டை விழும். தின்னாமலே விட்டுவிட்டால் காலுக்குள் ஒரு கல் கிடக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கின்றனவா என்பதை உயிருள்ள உடம்பில்தான் பார்க்க முடியும். அதற்குத்தான் முயல். முயல் கதையைச் சொல்லிவிட்டேன்.

மனிதரில் ஒரு வசதி என்னவென்றால், பார்ப்பதற்காகக் கொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்தில் பிளேட் வைத்தவர்கள் எலும்பு கூடியதும் அதை எடுத்துவிடச் சொல்லி அவர்களே வந்துவிடுவார்கள். உள்ளே இரும்பு இருந்தால் மழைக்காலத்தில் குடையும் என்று ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் எடுக்கத் தேவையே இல்லை. ஆனாலும் எடுத்தேன். எடுக்கும்போது மாவு வைத்த இடத்திலிருந்து ஊசிமுனை அளவு, சில சமயம் பென்சில் முனை அளவு எலும்பைக் குடைந்து எடுத்துக்கொள்வேன். அவர்கள் வந்த காரியமும் முடிந்தது, என் காரியமும் முடிந்தது.

சொல்லிவிட்டுச் செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். சொன்னேன். மாவு வைத்த ஒவ்வொருவரிடமும் என் வாயால், "உள்ள மாவு வைக்கப்போறேன்" என்று சொன்னேன். "வைங்க டாக்டர்" என்றார்கள். மாவு என்றால் மாவுக்கட்டு என்றுதான் அவர்கள் நினைத்தார்கள் என்று பரிமளா என்னிடம் சண்டைக்கு வந்தாள். பரிமளா என் தியேட்டர் நர்ஸ். மயிலம் மலையடிவாரத்துப் பெண், பல வருஷமாக என்னோடு இருக்கிறாள். "அவங்க வெளிய போடற கட்டுன்னு நெனச்சிக்கினு தலையாட்டறாங்க டாக்டர். வெளக்கமா சொல்லுங்க" என்றாள். விளக்கமாகச் சொன்னால் பயப்படுவார்கள், பயந்தால் வேறு எங்காவது போய்க் கண்டதையும் கட்டிக்கொண்டு காலைக் கோணலாக்கிக்கொள்வார்கள் என்றேன். அவர்கள் மனசில் என்ன நினைத்தார்கள் என்பதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? நான் சொன்ன சொல் சரியான சொல்.

உங்கள் போன் துடிக்கிறது. எடுங்கள். நான் எங்கே போய்விடப்போகிறேன்.

இன்னும் முடிவெடுக்கவில்லையா. கொஞ்ச நேரம் பொறுப்பதாகச் சொல்கிறார்களா. நல்லது, நல்ல டாக்டராக இருக்க வேண்டும். நான் இதோ விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

சென்னையில் எலும்பு டாக்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் என் படங்களைக் காட்டினேன். மாவு வைத்த கால்கள், கூடிய எலும்புகள், துளைகளுக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் செல்கள். கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பொடியன் எழுந்து, இந்த எலும்பெல்லாம் மாவு வைக்காமலே கூடியிருக்காதா என்று கேட்டான். நல்ல எலும்பு தானாகவே கூடுமே, மாவுதான் கூட்டியது என்பதற்கு என்ன ஆதாரம் என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். திண்டிவனம் வரும் வரைக்கும் காரில் அந்தக் கேள்வியே ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபமில்லை, அவமானமாக இருந்தது. அவன் கேட்டது சரியான கேள்வி என்பதுதான் அவமானம்.

மாவு வைத்த காலை மாவு வைக்காத காலோடு ஒப்பிட வேண்டும். ஆனால் ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவர் பீடி குடிக்கிறார், ஒருவருக்கு இருபது வயது, இன்னொருவருக்கு அறுபது. ஒருவர் எலும்பை இன்னொருவர் எலும்போடு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஒரே ஆள் வேண்டும். அதே ரத்தம், அதே சோறு, அதே வயசு. ஒரு காலில் மாவு, ஒரு காலில் வெறும் இடைவெளி. இரண்டு காலும் ஒரே மாதிரி உடைந்து ஒரு நல்ல ஆரோக்கியசாலி வரவேண்டும் என்று காத்திருந்தேன். நெடுஞ்சாலை எனக்கு அப்படி ஒருவரைக் கொடுக்கவில்லை.

வேணு வந்தார். கெடார் ஊர்க்காரர். சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிறார், ஒழிந்த நேரத்தில் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மார்க்கெட்டுக்கு வந்தபோது ஒரு பஸ் உரசி, வண்டி கவிழ்ந்துவிட்டது. வயசு நாற்பதுக்குள். சர்க்கரை இல்லை, பீடி இல்லை, குடி இல்லை. காலைப் பிடித்துப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இப்படி ஓர் எலும்பு லேசில் கிடைக்காது. அவர் மனைவி சூர்யகலா வராண்டாவில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை, புடவைத் தலைப்பை மட்டும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா டாக்டர், கால எடுக்கறமாதிரி ஆயிடுமா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா. ரெண்டு கால்லயும் வேலை இருக்கு. மாவு வைக்கணும்."

"மாவுக்கட்டுதானுங்களே. போடுங்க. ஜல்தி எழுந்து நடந்தா போதும். வண்டி ஓட்டாம அவரால இருக்க முடியாது. ஒரு எடத்துல குந்தமாட்டாரு."

"நடப்பாரு" என்றேன்.

இரண்டு காலிலும் வேலை இருக்கிறது என்று நான் சொன்னது பொய் அல்ல. வேலை இருந்தது. அது யாருடைய வேலை என்று அவள் கேட்கவில்லை.

வலது கால் முறிவு நேரான முறிவு. துண்டு எதுவும் தொலையவில்லை. எதிரெதிரே வைத்துப் பிடித்தால் பொருந்துகிற மாதிரி இருந்தது. அதனால் ஒரு விரல் அகலத்துக்கு எலும்பை எடுத்து இடைவெளி உண்டாக்க வேண்டியதாயிற்று. அதில் மாவை நிரப்பிப் பிளேட் வைத்தேன். மேடம், அந்தக் காலை நீங்கள் இப்போது படமெடுத்துப் பாருங்கள். மாவு எங்கே முடிகிறது, எலும்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே அழகான வேலை அது.

பிறகு இடது காலைத் துடைக்கச் சொன்னேன். பரிமளா துடைத்தாள். நான் கத்தியை எடுத்தபோது அவள் காலைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"டாக்டர், இந்தக் காலு நல்லாத்தானே இருக்குது? தோல்தானே பேந்திருக்குது. படத்துல ஒண்ணும் தெரியலீங்களே."

"உள்முறிவு பரிமளா. கண்ணுக்குத் தெரியாது" என்றேன்.

முதுகில் மருந்து ஏற்றி இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்திருந்ததால் வேணு விழித்துக்கொண்டுதான் இருந்தார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "டாக்டர் சொன்னா கரெக்ட்டாதாம்மா இருக்கும்" என்றார். பரிமளா கையை எடுத்துக்கொண்டாள். காலெலும்புக்குள் ரத்தக்குழாய் நுழைகிற வழி எக்ஸ்ரேயில் ஒரு மெல்லிய கோடாக விழும். உங்களுக்கும் எனக்கும் எல்லாருக்கும் அந்தக் கோடு உண்டு. அதைத்தான் சூர்யகலாவுக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இதுதான் உள்முறிவு என்று சொல்லியிருந்தேன். அவள் பயபக்தியோடு பார்த்தாள்.

ஆமாம், இடது கால் உடைந்திருக்கவில்லை. நீங்கள் இப்படிப் பேனாவைக் கீழே வைத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வரிசையாகச் சொல்லவேண்டும் என்றேன். வலது காலில் எவ்வளவு எடுத்தேனோ அவ்வளவே இடது காலிலும் எடுத்தேன். கூடவோ குறையவோ எடுத்தால் ஒப்பிட முடியாது. அதே பிளேட், அதே ஆணிகள், அதே தையல். மாவு மட்டும் இல்லை. எடுத்த எலும்பை வீணாக்கவில்லை, மாடியில் வளர்த்தேன். வேணுவின் செல்கள் இப்போதும் அங்கே இருக்கின்றன. வெகு ஆரோக்கியமானவை. இடது காலுக்கு நான் கட்டணமே வாங்கவில்லை. அதற்காகச் சூர்யகலா என் காலில் விழ வந்தாள், நான்தான் தடுத்து நிறுத்தினேன்.

மறுபடி போன் துடிக்கிறதா. எடுக்காமலே வைத்துவிட்டீர்களே. சரி, இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. முக்கியமானது இனிமேல்தான்.

மாதங்கள் போயின. மறுபரிசோதனைக்கு வந்த வேணு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து நின்று காட்டினார். முகமெல்லாம் பல். "ரெண்டும் தேவலாம் டாக்டர். லெப்ட்டுல வலியே இல்ல. அதுதான் மொதல்ல கூடும்போல" என்றார். நான் படத்தைப் பார்த்தேன். வலது காலில் எலும்பு நிரம்பியிருந்தது. இடது காலில், ஒன்றுமே வைக்காத அந்த வெறும் இடைவெளியில், புகை மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. புது எலும்பு. இரண்டு முனையிலிருந்தும் கிளம்பி நடுவில் தொடவிருந்தது.

அந்தப் பொடியன் பின்வரிசையில் எழுந்து நிற்பதுபோல இருந்தது. வேணுவின் உடம்பு அவ்வளவு நல்ல உடம்பு. மாவு இல்லாமலே செல்கள் வந்துகொண்டிருந்தன. அப்படியானால் வலது காலில் கூட்டியது எது? இந்தக் கேள்வியோடு சில நாள் தூங்காமல் இருந்தேன். பிறகுதான் விளங்கிற்று. குற்றம் மாவில் இல்லை, என் முறையில் இருந்தது. காலி இடம் என்றால் காலியாக இருக்க வேண்டும். எலும்பின் நடுவே மஜ்ஜை ஓடுகிற குழல் ஒன்று உண்டு. கட்டுகிற செல்கள் அங்கிருந்துதான் வருகின்றன. கதவைத் திறந்து வைத்துவிட்டு, வீட்டுக்குள் யாரும் வரவில்லை என்று காட்ட நினைத்தது என் அவசரம்.

வேணுவைக் கூப்பிட்டனுப்பினேன். உள்ளே ஒரு தடவை சுத்தம் பண்ண வேண்டும் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "மறுபடியுமா டாக்டர்? நல்லாத்தான நடக்கறேன். பேஜாரா இருக்குது" என்றார். சூர்யகலாதான் அவரை அதட்டினாள். "டாக்டருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்? காசுக்கா பண்றாரு அவரு?" "செய்ங்க" என்றார் வேணு. அன்றைக்குப் பரிமளாவுக்கு விடுப்புக் கொடுத்துவிட்டேன். அவள் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். "இடது காலு கூடிக்கினு வருதே டாக்டர்" என்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள்.

வளர்ந்திருந்த எலும்பை எல்லாம் சுரண்டி எடுத்தேன். மென்மையாக, ஈரமாக, இளம் சிவப்பாக இருந்தது. கைக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. பிறகு குழலை அடைத்தேன். எலும்பு அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்தால் நாங்கள் ஒரு மெழுகைத் துளி எடுத்துத் தடவுவோம். அந்த மெழுகு இருக்கிற இடத்தில் செல் உட்காராது, எலும்பு வளராது, அது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அதனால்தான் துளிக்கு மேல் வைக்கக் கூடாது என்பார்கள். நான் நிறைய வைத்தேன். மேல் துண்டின் குழலில் முழங்கால் பக்கமாக, கீழ்த் துண்டின் குழலில் கணுக்கால் பக்கமாக, ஒரு விரல் ஆழத்துக்கு அழுத்தித் திணித்தேன். வாசலில் அவருடைய எலும்புச் சில்லையே வைத்து மூடினேன். திறந்து பார்க்கிறவர் அங்கே எலும்பு முனையைத்தான் பார்ப்பார். படத்திலும் மெழுகு விழாது.

மெழுகைச் சுற்றிச் சீழ் பிடிக்கலாம் என்பதும் தெரிந்ததுதான். எல்லாருக்கும் பிடிப்பதில்லை. வேணுவுக்குப் பிடித்துவிட்டது. காய்ச்சல் வந்ததும் என்னிடம்தான் வந்திருக்க வேண்டும். சூர்யகலா அவசரப்பட்டு அவரை அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே டாக்டர்கள், இதற்கு முன்னால் காலில் என்ன வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவளும், "மாவு வெச்சாங்க, ரெண்டு காலுக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். மாவுக்கட்டு என்று அவர்களும் எழுதிக்கொண்டார்கள். அதனால் உள்ளே ஏதாவது இருக்கும் என்று யாரும் தேடவில்லை. பரிமளா போய்ப் பார்த்தபோதுதான் மாவுக்கட்டு என்ற அந்தச் சொல் அவள் காதில் விழுந்து, அங்கிருந்து நேரே உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆக, நீங்கள் கேட்டது இதுதான். மெழுகு. குழலின் உள்ளே, மேலேயும் கீழேயும். வாசலில் இருக்கிற சில்லைப் பெயர்த்துவிட்டு, நீளக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டால் சீழ் நிற்கும். கால் தப்பிவிடும் என்றுதான் நினைக்கிறேன். போய்ச் சொல்லுங்கள். கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போங்கள், இங்கே காற்றே இல்லை.

வந்துவிட்டீர்களா. ஏன் உட்காரவில்லை?

காலை எடுத்துவிட்டார்களா. எப்போது? நீங்கள் எடுக்காமல் விட்ட அந்தப் போன் அதற்குத்தானா. இனிமேல் காத்திருக்க முடியாது, ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டார்களா. நான் நடுவில் நிறுத்தியிருந்தால் நீங்கள் எடுத்திருப்பீர்கள், இல்லையா.

வருத்தமாகத்தான் இருக்கிறது மேடம். வேணு தங்கமான மனுஷன். அவருக்கு இப்படி ஆகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைத்தது வேறு. ஆனால் நான் மறைத்ததாக மட்டும் எழுதாதீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். இன்னொரு கால் இருக்கிறது அவருக்கு, அது முழுக்க என் மாவில் கூடிய கால், ஆயுசுக்கும் தாங்கும்.

ஒன்று கேட்கவேண்டும். எடுத்த காலை எங்கே வைத்திருக்கிறார்கள்? கழிவு என்று மஞ்சள் பையில் கட்டி எரிக்க அனுப்பிவிடுவார்கள், அதற்குள் சொல்லிவிடவேண்டும். மாவு வைக்காத கால் என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் வலது காலை எதோடு வைத்துப் பார்ப்பது? அப்புறம் இவ்வளவும் எதற்காகச் செய்தேன்? முழங்காலுக்குக் கீழே அறுத்து, எலும்பை மட்டும் பார்மலினில் போடச் சொல்லுங்கள். வெறும் தண்ணீரில் போட்டுவிடப்போகிறார்கள், செல்லெல்லாம் ஊதி வெடித்துவிடும். வெளியே எடுத்துவிட்டால் அவை அதிக நேரம் தாங்காது. என்னையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள் மேடம். போனை எடுங்கள், ஒவ்வொரு நிமிஷமும் செத்துக்கொண்டிருக்கின்றன.